சூளைக்குள் பானை: கைவிடப்பட்ட சர்வரைப் புதுப்பித்தல் குறித்து ஒரு தருக்க விசாரம்

ஓர் இயங்குதளத்தை ஆக்கியவர்கள் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொள்ளும் நாளில், அது ஓடிக்கொண்டிருக்கும் எந்த இயந்திரத்திலும் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை. சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் வகை 2014ஆம் ஆண்டில் வெளிவந்து, அலுவலகங்கள், கல்லூரிகள், இணையதள நிறுவனங்கள் முதலியவற்றின் சர்வர்களில், அதாவது பிற கணினிகளின் கோரிக்கைகளுக்கு ஓயாது விடையளிக்கும் பொதுக் கணினிகளில், பத்தாண்டுக் காலம் இயங்கியது. 2024 ஜூன் 30ஆம் நாளோடு அதற்கான ஆதரவு முடிந்தது. மறுநாள் விடிந்தபோது அந்தச் சர்வர்களின் இயங்குதளக் கோப்புகளில் ஓர் எழுத்தும் மாறியிருக்கவில்லை. துரு ஏறவில்லை, கறையான் அரிக்கவில்லை, எதுவும் தேயவில்லை. ஆயினும் அவை பழையவை ஆகிவிட்டன என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தேயாத பொருள் எவ்வாறு பழையதாகிறது என்பதும், அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எஞ்சுவது அதே பொருள்தானா என்பதும் கணினித் துறைக்கு அண்மையில் வந்த தொல்லைகளாகத் தோன்றினாலும், இவ்விரண்டையும் இந்தியத் தருக்க மரபுகளும் சைவ சித்தாந்தமும் களிமண்ணையும் பானையையும் முன்வைத்து நெடுங்காலம் வாதித்துள்ளன.

முதல் வினாவுக்கு, அந்தத் தருக்க மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர் தந்த விடை சுருக்கமானது. அவர்கள் எண்ணிய இருபத்துநான்கு குணங்களுள் பரத்துவம், அபரத்துவம் என்பன இரண்டு. காலத்தை நோக்குகையில் இவை மூப்பும் இளமையும் ஆகும். நிறமும் சுவையும் போல மூப்பு பொருளிடத்தே தானாகக் கிடப்பதன்று என்றும், இரு பொருள்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்கும் அறிவைத் துணையாகக் கொண்டே அது தோன்றுகிறது என்றும் அவர்கள் கொண்டனர். ஆதரவு நின்ற இயங்குதளத்தின் மூப்பும் இவ்வகையினதே, ஏனெனில் அது தன்னளவில் இருந்தபடியே இருக்க, அதைச் சூழ்ந்த மென்பொருள்களும், அதன் ஓட்டைகளைத் தேடுவோரின் அறிவும் முன்னே போய்விடுகின்றன.

அத்தகைய சர்வரில் மென்பொருள் பொதிகளைப் புதுப்பிக்க முற்படும் பணியாளர் முதலில் எதிர்கொள்வது ஒரு வெற்றிடம். பொதி, அதாவது பேக்கேஜ், என்பது ஒரு நிரலின் கோப்புகளையும், அந்த நிரல் இயங்குவதற்கு வேண்டிய பிற பொதிகளின் பட்டியலையும் சேர்த்துக் கட்டிய மூட்டை. பொதிகள் வைக்கப்பட்டுள்ள இணையக் களஞ்சியத்தை நாடி அவற்றை இறக்கித் தருவதற்கு யம், ஆப்ட் முதலிய கருவிகள் உள்ளன. ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் சர்வரில் யம் கருவி, களஞ்சியங்களின் பட்டியலைக் கேட்டு வழக்கமான முகவரிக்குச் செல்ல, அந்த முகவரியே இல்லாமற்போயிருக்கிறது. பழைய பொதிகள் தனிக் காப்பகம் ஒன்றுக்கு நகர்த்தப்பட்டுள்ளமையால், அமைப்புக் கோப்பில் முகவரியைத் திருத்தி அவற்றைப் பெறலாம். பெறுவன எல்லாம் ஆதரவு நின்ற நாளுக்கு முந்தியவை. டெபியன் என்னும் மற்றொரு லினக்ஸ் குடும்பத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது: களஞ்சியத்தின் பட்டியல் சிலவற்றில் ‘இன்ன நாள்வரை செல்லும்’ என்ற குறிப்பு கையொப்பத்தோடு இருப்பதனால், அந்த நாள் கடந்தபின் ஆப்ட் கருவி பட்டியலை ஏற்க மறுக்கிறது, நாளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பணியாளரே அதற்குக் கட்டளையிட வேண்டியிருக்கிறது.

அதன்பின் சார்புச் சிக்கல் வருகிறது. ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் அடிப்படை நிரலகமான ஜிலிப்சி, சென்ட்ஓஎஸ் 7இல் 2.17 என்ற பதிப்பு. அண்மைக்கால நிரல் ஒன்று 2.28ஐக் கேட்கும், அடிப்படையை மட்டும் உருவிப் புதியதைச் செருகினால் அதன்மேல் நிற்கும் எல்லாமே ஆட்டங்காணும். வெளியே காலம் நகர்வதும் கேடு செய்யும்: 2021 செப்டம்பர் 30ஆம் நாள், இணையதளங்களுக்கு அடையாளச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குப் பின்புலமாக இருந்த பழைய மூலச்சான்று ஒன்று காலாவதியானபோது, சான்றிதழைச் சோதிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் 1.0.2 என்னும் பழைய பதிப்பைக் கொண்ட இயந்திரங்கள் பல, மாற்று வழியில் செல்லுபடியாகக் கூடிய சான்றிதழையும் நம்ப மறுத்து, பிற தளங்களோடு பேச முடியாமல் நின்றன. உள்ளே ஒன்றும் கெடாமலே ஒரு பொருள் கெட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

இந்நிலையில் பணியாளர்முன் உள்ள வழிகள் அடிப்படையில் இரண்டு. ஒன்று, இயங்கும் சர்வரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பொதிகளை உள்ளிருந்தே அடுத்த பதிப்புக்கு உயர்த்துதல்; மற்றொன்று, வேறொரு சர்வரை அடியிலிருந்து புதிதாக நிறுவித் தரவுகளை மட்டும் அதற்குக் கொண்டுசெல்லுதல். இவ்விரு வழிகளுக்கும் இடையிலான பூசல், பச்சைப் பானை சூளையில் சிவப்பது எவ்வாறு என்பது பற்றி வைசேடிகரும் நியாயவாதிகளும் நடத்திய வழக்கோடு வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறது. சுட்ட மண்ணால் பெயர்பெற்ற விருத்தாசலம் அந்த வழக்கை எடுத்துப் பேசுவதற்கு ஏற்ற ஊர். நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண்ணை அண்டையில் பெற்ற இவ்வூரின் பீங்கான் தொழிற்பேட்டையில், மின்கம்பிகளைத் தாங்கும் இன்சுலேட்டரும், வீடுகளின் பியூஸ் கட்டையும், கழிவறைக் கலன்களும், பொம்மைகளும் சூளையேறி வந்துள்ளன.

வழக்கு இதுதான். பச்சைப் பானை கறுத்திருக்கிறது, சுட்ட பானை சிவந்திருக்கிறது. நெருப்பின் சேர்க்கையால் நிறம் முதலியன மாறுவதைத் தருக்க நூல்கள் பாகசம் என்கின்றன. பாகம் என்பது வேகுதல். வைசேடிகர் கொள்கை பீலுபாகவாதம் எனப்படும். பீலு என்றது அணுவை. முழுப்பொருளின் குணம் உறுப்புகளின் குணத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பது அவர்கள் விதியாதலாலும், நெருக்கமாகப் பிணைந்த பானையின் உள்ளணுக்களை நெருப்பு தொட வேண்டுமானால் பிணைப்பு முதலில் அறுந்தாக வேண்டுமாதலாலும், சூளைக்குள் பச்சைப் பானை அணு அணுவாகக் கலைந்துபோகிறது என்றும், தனித்த அணுக்களில் பழைய நிறம் அழிந்து புதுநிறம் தோன்றியபின் அவை மீண்டும் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் கூடிச் சிவந்த பானையாகின்றன என்றும் அவர்கள் வாதித்தனர். வைசேடிக உரையாசிரியர் பிரசஸ்தபாதர் வகுத்த இந்த முறையைப் பின்வந்தோர் மேலும் நுணுக்கி, கலைவதற்கும் கூடுவதற்கும் ஒன்பது கணங்கள் வேண்டும், அல்ல பத்து, அல்ல பதினொன்று என்று கணக்கிட்டனர். சூளையிலிருந்து வெளிவருவது, இந்தக் கொள்கைப்படி, உள்ளே போன பானை அன்று.

நியாயவாதிகளின் பிடரபாகவாதம் இதை மறுக்கிறது. பிடரம் என்றது பானையை. பானை முழுமையாக இருந்தபடியே வேகிறது என்பது அவர்கள் நிலை. பானையின் சுவரில் நுண்துளைகள் உண்டு, நீர் ஊற்றிவைத்த பானையின் புறத்தே நீர் கசிவதே அதற்குச் சான்று, அத்துளைகளின் வழியாக நெருப்பு உட்புகுந்து உள்ளும் புறமும் ஒருங்கே வேகவைக்கும் என்றனர். சூளையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பானைகளுள் கீழது கலைந்தால் மேலது விழவேண்டுமே, ஏன் விழவில்லை என்று கேட்டனர். குயவன் போட்ட கோடும், பானையின் அளவும், எண்ணிக்கையும் மாறாதிருப்பதைக் காட்டினர். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘அதே பானைதான் இது’ என்று சூளை பிரித்தவன் அறிகிறானே, அந்த மீளறிவை, அதாவது பிரத்தியபிஞ்ஞையை, எவ்வாறு மறுப்பது என்றனர். வைசேடிகரும் விடவில்லை: ஊசிமுனையால் பானையில் ஒரு துளி மண்ணைப் பெயர்த்தாலும் உறுப்பு குறைந்தமையால் அது வேறு பானைதான், எனினும் ‘அதே பானை’ என்றுதானே சொல்கிறோம், ஆகவே மீளறிவு ஏமாற்றக்கூடியது என்பது அவர்கள் மறுமொழி. பதினேழாம் நூற்றாண்டில் மாணாக்கர்களுக்காகத் தர்க்கசங்கிரகம் எழுதிய அன்னம்பட்டர் வரை இந்த வழக்கு தொடர்ந்தது.

பீங்கான் தொழில்நுட்பம் இன்று சொல்வது இரு கட்சியையும் பாதிப் பாதி தேற்றுகிறது. கயோலின் எனப்படும் வெண்களிமண் 450 முதல் 600 பாகை செல்சியசுக்குள், தன் கட்டமைப்பில் பிணைந்திருந்த நீரை இழக்கிறது. அதன்பின் அந்த மண்ணை மீண்டும் குழைக்க இயலாது. வெப்பம் 1,000 பாகையைக் கடந்து ஏறுகையில் பழைய அமைப்பு குலைந்து முல்லைட் என்னும் புதிய படிகம் உருவாகத் தொடங்க, உருகிய கண்ணாடித்தன்மையான பகுதி இடைவெளிகளை நிரப்பித் துகள்களைப் பிணைக்கிறது. நுண்ணளவில் கலைதலும் கூடுதலும் நடக்க, கலம் சற்றே சுருங்கினாலும் தன் வடிவத்தை விடாது நிற்கிறது. இதைக் கொண்டு வேதியியல் எல்லாம் பண்டை நூல்களில் இருந்ததெனப் பெருமை பேசுவது வீண். பிரசஸ்தபாதரின் அணு இன்றைய அணு அன்று.

சர்வருக்குத் திரும்பினால், இரு கட்சிகளும் இரு லினக்ஸ் குடும்பங்களாக நிற்பதைக் காணலாம். டெபியன் பிடரபாகவாதி: இயங்கும் அமைப்பை ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு இருந்த இடத்திலேயே உயர்த்துவதை அது முறைப்படி ஆதரிக்கிறது, இடைப்பதிப்பைத் தாண்டிச் செல்வதை மட்டும் ஏற்பதில்லை. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி, தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களைச் சென்றடைந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடியொற்றியதே. சென்ட்ஓஎஸ் வழக்கமோ பெரும்பதிப்பு மாறும்போது புதிதாக நிறுவுவதையே வற்புறுத்தி வந்தது. பின்னர் லீப் என்ற கருவியும் அதனைத் தழுவிய அல்மாலினக்ஸின் எலிவேட்டும் வந்து, 7இலிருந்து 8க்கு உள்ளிருந்தே உயர வழிசெய்தன. சர்வரை ஒருபோதும் திருத்துவதில்லை, சிறு மாற்றத்துக்கும் பழையதை அழித்துப் புதியதைப் படைப்பதே முறை என்னும் இன்றைய மேகக்கணினிக் கொள்கை வைசேடிகத்தையும் கடந்து, பொருள் கணந்தோறும் அழிந்து பிறக்கிறதென்ற பௌத்தர் கட்சிக்குப் போய்விடுகிறது. அக்கட்சியை மறுப்பதற்கென்றே சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் இடம் ஒதுக்கிய அருணந்தி சிவாசாரியார் இன்றைய கடலூர் மாவட்டத்துத் திருத்துறையூரைச் சேர்ந்தவர்.

பானையைப் பொறுத்தவரை நியாயவாதியின் வாதம் வலிது. சர்வரைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல இயலாது. சர்வரின் பெயர், முகவரி, கோப்புகள், அதில் ஓடும் இணையதளத்தின் முகம் ஆகிய எல்லாம் மாறாதிருப்பதனால் ‘அதே சர்வர்தான், நேற்றும் ஓடியது, இன்றும் ஓடுகிறது’ என்னும் மீளறிவு பணியாளரிடம் உறுதியாகத் தோன்றுகிறது. அந்த உறுதிக்குள்ளேயே ஒரு பொதி காப்பகத்திலிருந்தும், ஒன்று வேற்றுக் களஞ்சியத்திலிருந்தும், ஒன்று மூலநிரலைக் கையால் தொகுத்தும், ஒன்று எங்கிருந்து வந்ததென்ற நினைவே இன்றியும் சேர்ந்துவிடுகின்றன. அவற்றுள் எது எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரே சான்று பொதியின்மேல் உள்ள மின்கையொப்பம். பழைய திறவுகோல் காலாவதியானதால் கையொப்பச் சோதனையை நிறுத்திவிட்டு நிறுவுவது இத்தகைய சர்வர்களில் மிக எளிதாக நேரும் செயல், மிகக் கேடானதும் அதுவே. சான்று பொய்யானால் நேர்வதற்கு விருத்தாசலத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவ்வூரின் விருத்தகிரீஸ்வரர் கோயில் மாடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையை 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் வாங்கியபோது, அது 1970ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் விற்கப்பட்டதாகக் காட்டும் இரசீது உடனிருந்தது; புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1974இல் எடுத்த நிழற்படத்திலோ சிலை கோயிலிலேயே நின்றது. சிலை 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லின் வடிவம் அதன் வரலாற்றைச் சொல்லவில்லை, தாள் பொய் சொல்லியது, யார் கையில் எப்போது இருந்தது என்ற தொடர்ச்சியே வழக்கைத் தீர்த்தது.

இவ்விடத்தில் வினா, உறுப்பா முழுமையா என்பதிலிருந்து, பொறுப்பு யாருடையது என்பதற்கு நகர்கிறது. விருத்தாசலத்துக்கு அண்மையில் உள்ள பெண்ணாகடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிறந்தவராகக் கொள்ளப்படும் மெய்கண்டாரின் மரபு, எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்களை வேண்டும்: பானைக்கு மண் முதற்காரணம், திகிரியும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். இயங்குதளத்துக்கு இதைப் பொருத்துவது எளிது. மூலநிரல் முதற்காரணம், அதைத் தொகுக்கும் கருவிகள் துணைக்காரணம், ஆக்கியோர் நிமித்த காரணம். ஆயினும் குயவன் உவமையில் ஒரு போதாமை உண்டு. சுட்ட பானையைக் கொடுத்துவிட்டுக் குயவன் ஊரைவிட்டே போனாலும் பானைக்கு ஒன்றும் நேராது, எனவே படைத்தவன் இன்றியும் படைப்பு நிலைக்கும் என்று எண்ண அது இடந்தருகிறது. சித்தாந்தமோ படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று தொழிலை ஐந்தாக்கி, காத்தலைப் படைத்தலின் எச்சமாகக் கருதாமல் தனித் தொழிலாக எண்ணியது. பானையால் விளக்க முடியாத இந்தக் காத்தலை ஓர் இயங்குதளம் நன்றாகவே விளக்குகிறது, ஏனெனில் அது நிலைபெற்றிருப்பதென்பது கண்டறியப்படும் ஓட்டை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தொடர்ந்து அடைத்துவருவதன் பெயரே அன்றி வேறில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் நின்றது. 2017 மே 12இல் வான்னாக்ரை என்னும் பணயமென்பொருள், கோப்புப் பகிர்வு நெறிமுறையில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக உலகெங்கும் பரவியபோது, ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மார்ச் மாதமே திருத்தம் வந்திருந்தது. மைக்ரோசாஃப்ட் மறுநாள் எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. விலகிய கை அன்று திரும்பி வந்ததை நிரந்தர வழக்கமாக எண்ணியிருக்க முடியாது. இந்தியாவில் ஏடிஎம் இயந்திரங்கள் பல அப்போதும் எக்ஸ்பியிலேயே ஓடிக்கொண்டிருக்க, ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் சுற்றறிக்கை விடுத்து, ஆதரவில் உள்ள இயங்குதளத்துக்கு அவற்றை 2019 ஜூனுக்குள் படிப்படியாக மாற்றி முடிக்குமாறு வங்கிகளுக்குக் கெடு விதித்தது. அந்த இயந்திரங்கள் பணம் எண்ணித் தருவதில் பிழை செய்யவில்லை. அவற்றைக் காப்பவர் என்று சொல்ல ஒருவர் இல்லாததே குறை.

காப்பவர் இல்லாத சர்வரைப் புதியதற்கு மாற்றத்தான் வேண்டும் என்றால், அதில் நடந்துவரும் பணி ஒரு நாழிகையும் நிற்கக் கூடாதே என்பது அடுத்த இடர். கோயில் திருப்பணி இந்த இடரை நெடுநாளாக அறிந்தது. சிதைந்ததைப் புதுக்கும் பணியை ஆகமங்கள் ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டு விதிமுறை வகுத்துள்ளன. சைவ ஆகமங்கள் இருபத்தெட்டையும் லிங்கங்களாக வைத்து வழிபடும் இடம் விருத்தாசலம் கோயிலிலேயே உண்டு. திருப்பணிக்கு முன் மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிக இடத்தில் எழுந்தருளச் செய்து, பூசை தடைபடாமல் நடத்திக்கொண்டே கல்லையும் சுதையையும் திருத்துகின்றனர்; பணி முடிந்தபின் குடமுழுக்கில் சாந்நித்தியம் மூலத்தானம் திரும்புகிறது. இக்கோயிலில் 2022 பிப்ரவரியில் குடமுழுக்கு நிகழ்ந்தது. அணுவிலும் இன்றி முழுவடிவத்திலும் இன்றி, இடையறாத வழிபாட்டில் ஒருமையை வைத்த இந்த ஏற்பாடு, சூளை வழக்கில் இரு கட்சியும் நினையாத ஒன்று. சர்வரை மாற்றுவோர் புதிய இயந்திரத்தைப் பக்கத்தில் எழுப்பி, தரவை நகலெடுத்து, கோரிக்கைகளைச் சிறிது சிறிதாக அதன்பால் திருப்பி, பிறகு பழையதை நிறுத்துவதும் இதே ஒழுங்கில்தான்.

நகலெடுப்பதிலும் ஒரு நேர்மை வேண்டியிருக்கிறது. விருத்தாசலம் கோயில் உட்படப் பல கோயில்களைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய சோழ அரசி செம்பியன் மாதேவியார், திருக்கோடிக்காவலில் பழைய கட்டடத்தைப் பிரித்தபோது அதிலிருந்த கல்வெட்டுகளைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். அவற்றில் இது பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்ற குறிப்பும் இடம்பெற்றது. மூலக்கல் போயிற்று, கொடை போகவில்லை, படி படிதான் என்பதும் மறைக்கப்படவில்லை. பழைய சர்வரின் பயனர் பட்டியலையும் அனுமதிகளையும் கணக்குகளையும் புதியதற்கு எடுத்துச்செல்வோர், எது எந்த நாளில் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதிவைப்பது அபூர்வம்.

எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கும் ஆகமங்கள் வரவில்லை. மனிதர் நிறுவிய லிங்கம் சிதைந்தால் அகற்றிப் புதியதை நிறுவ இடமுண்டு. தானே தோன்றியதாகக் கொள்ளப்படும் சுயம்பு லிங்கத்தை, பிளவுபட்டாலும் பெயர்க்காமல், பொன்னாலோ செம்பாலோ பட்டம் கட்டி வழிபட வேண்டும் என்பது முறை. கணினி உலகிலும் இவ்வகையின உண்டு. சூளையின் வெப்பத்தை ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு அட்டை ஒன்று பழைய இயங்குதளத்தோடு மட்டுமே பேசத் தெரிந்ததாக இருந்து, அதைச் செய்த நிறுவனமும் மூடப்பட்டிருக்குமானால், அந்தக் கணினியில் பொதி ஒன்றைப் புதுப்பிப்பதே சூளையை நிறுத்திவிடக்கூடும். அத்தகைய இயந்திரத்தை இணையத்திலிருந்து அறுத்து, அலுவலக வலைப்பின்னலிலிருந்தும் பிரித்து, வேண்டிய ஒரே வழியை மட்டும் திறந்துவைத்து, அதே வகை வட்டில் முழு நகல் ஒன்றை எடுத்துப் பூட்டிவைத்து, அதற்குப் பொறுப்பானவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதே முறையாகிறது. உள்ளே ஓடும் இயங்குதளத்தில் யாரும் கைவைப்பதில்லை. காத்தல் முழுவதும் அதற்கு வெளியே நடைபெறுகிறது.